குறுகி வந்த நான்கு ரன்கள்

“நீண்டு வந்த ரன்களிலும் இப்படித் தேடிப் பார்த்தீர்களா, சார்?” என்று அந்த ஆய்வு மாணவி கேட்டார். “அதற்குத் தேவை எழவில்லை” என்றேன். அந்தப் பதிலைச் சொல்லி வெகுகாலம் ஆகியும், அது சரியா தவறா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

நாங்கள் அளந்துகொண்டிருந்தது நியான்-19இன் அரைவாழ்வு, அதாவது அதன் அணுக்களில் பாதி சிதைய ஆகும் நேரம். ஒவ்வொரு சுற்று அளவீட்டையும் ரன் என்போம். 10 புரோட்டான்களும் 9 நியூட்ரான்களும் கொண்ட அது, ஒரு பாசிட்ரானை உமிழ்ந்து, 9 புரோட்டான்களும் 10 நியூட்ரான்களும் கொண்ட ஃபுளூரின்-19 ஆகிறது. புரோட்டான்களுக்கு இடையே மின்விலக்கம் இல்லாதிருந்தால் இந்த ஆடிக் கருக்கள் இரண்டின் அமைப்பும் ஏறத்தாழ அச்சுப்போல் பொருந்தியிருக்கும். மின்விலக்கம் ஏற்படுத்தும் பிசகு ஒரு சதவீதத்துக்கும் குறைவு; அதைக் கணக்கிட்டுத் தருவது அணுக்கருக் கட்டமைப்புக் கோட்பாட்டின் வேலை. அந்தக் கணக்கைச் சோதிக்க வேண்டுமானால் அதைவிடப் பல மடங்கு நுண்மையாக அளந்தாக வேண்டும். 2012இல் வெளியான அளவீடு 17.262 நொடி என்றது. 2014இல் வெளியானது 17.283 நொடி என்றது. இந்தச் சிதைவில் ஃபெர்மி, காமோ-டெல்லர் என்ற இரு வகைகளும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்ற கலப்பு விகிதம்தான் இதைவிடப் பெரிய தடை என்பது துறையில் உள்ளவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அரைவாழ்விலேயே இப்படி ஓர் இடைவெளி இருப்பதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

தரவுக்குச் சிதைவு வளைகோட்டைப் பொருத்தும் முதல் ஃபிட் முடிந்தபோது நான்கு ரன்கள் மட்டும் மற்றவற்றைவிடக் குறைவான அரைவாழ்வைக் காட்டின. காரணத்தைத் தேடினேன், கிடைத்தது. நியான் அணுக்களைக் கற்றையாகச் செலுத்தி ஒரு டேப்பில் பதித்து எண்ணினோம். நியான் மந்த வாயு; டேப்பில் பதிந்த அணுக்கள் எதனோடும் பிணைவதில்லை. கற்றையின் சூட்டில் டேப் வெதுவெதுப்பானால் அவற்றில் சில மெல்லக் கசிந்து வெளியேறும். வெளியேறிய அணுவையும் சிதைந்த அணுவையும் சிதைவுகளை எண்ணும் கருவியான சின்டில்லேட்டரால் பிரித்தறிய முடியாது. இரண்டினாலும் எண்ணிக்கை குறையும், அரைவாழ்வு குறுகித் தெரியும். அந்த நான்கு ரன்களிலும் கற்றையின் செறிவு கூடுதலாக இருந்தது என்பதைப் பதிவேட்டில் பார்த்து உறுதி செய்துகொண்டு, அவற்றை விலக்கினேன். இயற்பியல் காரணம் இல்லாமல் ஒரு ரன்னைக்கூட நான் தொட்டதில்லை என்பதை இப்போதும் சொல்வேன்.

மாணவியின் கேள்வி அந்தக் காரணத்தை மறுக்கவில்லை. செறிவு கூடினால் கசிவு மட்டுமா கூடும் என்றுதான் அவர் கேட்டார். எண்ணும் வேகம் உயரும்போது, ஒரு துடிப்பைப் பதிவு செய்யும் கணத்தில் கருவி அடுத்ததைத் தவறவிடும். அந்தக் கணம்தான் டெட் டைம்; அதற்கான திருத்தம் சற்றே குறைந்தால் தொடக்க நொடிகளில்தான் எண்ணிக்கை அதிகமாக விடுபடும், அப்போது அரைவாழ்வு நீண்டு தெரியும். ஒரே செறிவு இரண்டு பிழைகளை எதிரெதிர்த் திசையில் இழுக்கிறது. நான் ஒரு திசையில் மட்டும் பார்த்திருந்தேன். அந்தத் திசையைத் தேர்ந்தது இயற்பியல் அன்று. எனக்கு முன்பே தெரிந்திருந்த ஓர் எண், நான் எதிர்பார்த்திருந்த ஓர் எண்.

அப்படிச் சொல்வது என்மீதே நான் காட்டும் கடுமையோ என்றும் தோன்றுகிறது. விலகி நிற்கும் புள்ளியில் காரணம் தேடாமல் ஒழுங்காக இருக்கும் புள்ளியிலா தேடுவார்கள்? கருவி பழுதானதைக் கண்டுபிடிப்பதே அப்படித்தானே? ஆனால் எது ஒழுங்கு என்பதை நான் எந்த அளவுகோலால் முடிவு செய்தேன் என்று கேட்டுக்கொண்டால், அந்த வாதம் அங்கேயே தளர்ந்துவிடுகிறது.

அவர் கேட்டபடி நீண்டு வந்த ரன்களையும் பிறகு இருவருமாக அலசினோம். ஒவ்வொன்றிலும் முதல் அரைவாழ்வுக் காலத்தின் தரவை வெட்டிவிட்டு மறுபடி ஃபிட் செய்தோம். டெட் டைமை வேண்டுமென்றே நீட்டித்துப் பார்த்தோம். ஒன்றில் மட்டும் விடை இலேசாக நகர்ந்தது. அதை விலக்குவதா வேண்டாமா என்று பேசும்போது, விலக்கினால் சராசரி எந்தப் பக்கம் போகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. எனவே அந்தத் தேடலும் தூய்மையானதாக இல்லை. அந்த ரன்னை வைத்துக்கொண்டோம். நான்கையும் சேர்த்த விடையும் சேர்க்காத விடையும் பிழை எல்லைக்குள் ஒத்துப்போனதால், கட்டுரையில் இரண்டையும் குறிப்பிட்டு, சேர்க்காததை முடிவாகக் கொடுத்தோம். இரண்டையும் சமமாகக் கொடுத்துவிடலாம் என்பது அவர் கருத்து. கோட்பாட்டாளர்கள் ஓர் எண்ணைத்தான் எடுத்துக்கொள்வார்கள், அதைத் தேர்ந்து கொடுக்கும் பொறுப்பு அளந்தவனுடையது என்று நான் சொன்னேன். இந்த ஓர் இடத்தில் என் வாதம் சரி என்றே இப்போதும் கருதுகிறேன்.

அதன் பிறகு செய்த ஒவ்வோர் அளவீட்டிலும், எனக்குத் தெரியாத ஒரு சிறு எண்ணால் நேர அளவைப் பெருக்கி மறைத்துவைத்து, எல்லா முடிவுகளையும் எடுத்து முடித்த பிறகே அதைத் திறக்கிறோம். பலர் ஏற்கெனவே கையாளும் முறைதான்.

அண்மையில் பழைய பதிவேட்டைப் புரட்டினேன். அந்த நான்கு ரன் எண்களின் மேலும் நீல மையில் என் கையெழுத்தில் ஒரு கோடு இழுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில், முதல் ஃபிட் முடிந்த நாளின் தேதி. “டேப் சூடு, கசிவு” என்ற குறிப்பு கறுப்பு மையில் இருக்கிறது. அதன் கீழே உள்ள தேதி மூன்று நாள் பிந்தியது.