27 அகலும் ஓர் அண்டாவும்

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் மலை மேல் தீபம் ஏறுவதை டிவியில் பார்த்த பிறகுதான் எங்கள் வீட்டில் விளக்கேற்றுவோம். சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் தீப்பெட்டியைத் தொட மாமியார் விடமாட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன்பு மயிலாப்பூர் மாட வீதியில் புது அகல் 27 வாங்கினேன், நட்சத்திரத்துக்கு ஒன்றாக. எங்கள் வீடு மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி. வாசலில் வைத்தால் காற்று நிற்கவிடாது, பக்கத்திலேயே எதிர்வீட்டுக்காரர்களின் செருப்பு ஸ்டாண்டு வேறு. சரி என்று எல்லாவற்றையும் ஒரே எவர்சில்வர் தாம்பாளத்தில் நெருக்கி அடுக்கி, ஹாலில் கோலத்தின் நடுவே வைத்துவிட்டேன். போட்டோவெல்லாம் எடுத்தேன்.

அம்மாவாக இருந்தால் புது அகலை முதல்நாளே வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்துத் துடைத்துக் காயவைத்திருப்பாள். எனக்கு அது மறந்துபோச்சு. ஊறாத மண் எண்ணெயைக் குடிக்கும், குடித்ததை அடியில் கசியவிடும். தாம்பாளம் முழுக்க எண்ணெய் தேங்கியதை நான் கவனிக்கவே இல்லை. நெருக்கி வைத்ததில் ஒன்றின் சூடு அடுத்ததில் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. அரை மணி நேரம் ஆகியிருக்கும், 'குப்'பென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் தாம்பாளமே ஒரே விளக்காக எரிகிறது.

என் கணவர் சொம்போடு ஓடிவந்தார். "டேய், தண்ணி ஊத்தாதேடா!" என்று மாமியார் கத்துவதற்குள் பாதி ஊற்றியாகிவிட்டது. கொதிக்கிற எண்ணெய்க்கு அடியில் போன தண்ணீர் ஆவியாகி, எண்ணெயைத் தூக்கி அடித்தது. தீ இன்னும் உயர எழும்பியது. அவருடைய மணிக்கட்டில் தெறித்தது. மாமியார் பால்கனியில் கிடந்த அலுமினிய அண்டாவைத் தூக்கிவந்து அப்படியே தாம்பாளத்தின் மேல் கவிழ்த்தார். அவ்வளவுதான், அடங்கிவிட்டது. எழுபது வயசில் அந்த வேகம்!

அடுத்த நிமிஷமே அதே மாமியார் புண்ணில் பூச இட்லி மாவோடு வந்து நின்றார். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. வாட்ச்சைக் கழற்றிவிட்டு, கையைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் பிடிக்க வைத்தேன். மாவு, பற்பசை, ஐஸ்கட்டி எதுவும் கிடையாது. சின்னக் கொப்புளத்தோடு போயிற்று. இட்லி மாவை மதிக்கவில்லை என்று மாமியாருக்கு ரெண்டு நாள் வருத்தம்.

இப்போதெல்லாம் தட்டில் ஒரு விரல் கனத்துக்கு மணல் பரப்பி, தட்டுக்கு 9 அகல்தான், அதுவும் இடைவெளி விட்டு. பால்கனித் திரையைத் தூக்கி முடிச்சுப் போட்டுவிடுவேன். மகள் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டால்தான் விளக்குப் பக்கம் போகலாம். அவளுக்கு அது பிடிக்காது, போட்டோவில் நன்றாக இல்லையாம். பொரி உருண்டை பிடித்து முடித்த பிறகுதான் விளக்கு. பாகும் தீயும் ஒரே நேரத்தில் எனக்குச் சரிவராது. தூங்கப் போகும் முன் ஒவ்வொன்றாகக் குளிரவைத்துவிடுவோம். 'அணை' என்ற வார்த்தை எங்கள் வீட்டில் கூடாது.

அண்டா பால்கனியில் இல்லை, கார்த்திகையன்று ஹாலுக்கு வந்துவிடும். போன வருஷம் பார்த்தால், அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார் மாமியார்.