ஏ.எம்.எச். 0.8 என்றால் உடனே டோனர் முட்டையா?

குழந்தைக்காக நாள்பட முயன்றுவிட்டு ஒரு கருத்தரிப்பு கிளினிக்குக்குப் போனோம். ரிப்போர்ட்டில் ஏ.எம்.எச். (ஓவரியில் முட்டை இருப்பைக் கோடிகாட்டும் ஹார்மோன்) 0.8 என்று பார்த்ததுமே அந்த கிளினிக்கின் கவுன்சிலர், "டோனர் முட்டைதான் மேடம் வழி" (அதாவது வேறொரு பெண் தரும் முட்டை) என்று பேக்கேஜ் தாளை என் பக்கம் நகர்த்தினார். ஸ்கேன்கூட எடுக்கவில்லை. எனக்கு 33 வயது, பீரியட்ஸ் தவறாமல் வருகிறது. கோபம் இன்னும் அடங்கவில்லை.

வேறொரு லேபில் எடுத்தால் 5.9. அத்தைக்கு ஒரே சந்தோஷம். கஷாயம் வேலை செய்துவிட்டதாம்! உற்றுப் பார்த்தால் அலகு வேறு. முதலாவது நானோகிராமில், இது பைகோமோலில். 7.14-ஆல் வகுத்தால் அதே 0.8. எண்ணுக்குப் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் அளவு குறைத்துக் காட்டலாம்.

அடுத்து பார்த்த டாக்டர் அம்மா எடுத்த எடுப்பிலேயே, "ஓவரியில ஆபரேஷன் ஏதாவது ஆச்சா?" என்றார். கல்யாணத்துக்கு முன் சாக்லேட் சிஸ்ட் (ஓவரியில் பழைய ரத்தம் தேங்கிய கட்டி) எடுத்திருந்தார்கள். அப்போது நல்ல திசுவும் கொஞ்சம் போய் முட்டை இருப்பு குறையலாமாம். டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும் என்றார். அங்கே ஆரம்பித்தது அலைச்சல். ரெக்கார்டு அறையில் இருந்தவர் தலை நிமிராமல், "அப்படி ஒரு பேரே இல்லம்மா" என்றார். இன்னொரு நாள் போனால் அவர் லீவு. எழுதிக் கொடுத்து, நகலில் சீல் கேட்ட பிறகுதான் அசைந்தார்கள். விஷயம் இவ்வளவுதான்: கம்ப்யூட்டரில் என் கணவர் இனிஷியல் போட்டுத் தேடியிருக்கிறார்கள், ஃபைல் அப்பா இனிஷியலில் தூங்கிக்கொண்டிருந்தது. பழைய இனிஷியலையும் சொல்லித் தேடச் சொல்லுங்கள்.

பீரியட்ஸின் இரண்டாம் நாள் ஸ்கேனும் எஃப்.எஸ்.எச். (முட்டை வளரத் தூண்டும் ஹார்மோன்) டெஸ்ட்டும் சுலபமாக முடிந்தன. இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு ஃபாலிக்கிள் (முட்டை வளரும் சிறு பை). ஏ.எம்.எச். முட்டைகளின் எண்ணிக்கையைத்தான் கோடிகாட்டும், தரம் பெரும்பாலும் வயதைப் பொறுத்தது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். 2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இயற்கையாக முயன்ற 30 முதல் 44 வயதுப் பெண்களில் ஏ.எம்.எச். குறைந்தவர்களுக்குக் கரு நிற்கும் வாய்ப்பு குறையவில்லை. ஆனால் அவர்களுக்குக் குழந்தையின்மைப் பிரச்சினை இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எங்களைப் போல நாள்பட முயன்றவர்கள் அதை நம்பிக் காத்திருக்க முடியாது.

ஆகவே ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை), ஆனால் என் முட்டையில். ஒரே முறையில் இரண்டு மூன்றுதான் கிடைக்கலாம், ஒன்றுமே தேறாமலும் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அடுத்த பீரியட்ஸில் ஊசி ஆரம்பம்.