கற்றாழைச் சாறும் வோடூ பூசாரியும்

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் வழியில் வேலியோரம் நிற்கும் யானைக் கற்றாழைக்கு நெருங்கிய உறவு, கயிற்றுக்கு நார் தரும் சைசல் செடி. 100 கிலோ இலையில் நார் 4 கிலோதான் தேறும், மற்றதெல்லாம் கழிவு. அந்தக் கழிவுச் சாற்றில்தான், வீக்கம் தணிக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்துக்கு மூலப்பொருளாகும் ஹெகோஜெனின் இருக்கிறது. அதை ஆராய்ந்த வேதியியலாளர் ஒருவர் பின்னாளில் ஹைதியின் வோடூ மதத்துக்குப் பூசாரியானார்.

சாற்றைச் சில நாள் புளிக்கவிட்டால் கசடு படியும். கசடை அமிலத்தோடு கொதிக்கவைத்தால், ஒட்டியிருக்கும் சர்க்கரை கழன்று ஹெகோஜெனின் பிரியும். வடித்து, அமிலம் போகக் கழுவி, உலர்த்தி, கரைப்பானில் இறக்கிப் படிகமாக்க வேண்டும். கொதி போதாவிட்டால் சர்க்கரை கழலாது, விளைச்சல் படுத்துவிடும். இன்னொரு தொல்லை, கூடவே வரும் அதே இனத்துப் பொருளான டிகோஜெனின். ஹெகோஜெனின் மூலக்கூறின் 12ஆம் கார்பனில் ஆக்சிஜன் உண்டு; அதை 11ஆம் கார்பனுக்கு மாற்றினால்தான் இதிலிருந்து ஹைட்ரோகார்ட்டிசோன் செய்ய முடியும். டிகோஜெனினில் அந்த ஆக்சிஜன் கிடையாது, பிரித்தெடுப்பதும் எளிதல்ல.

ஹெகோஜெனின் ஆராய்ச்சியில் இறங்கி, தாவரத்திலிருந்து ஹைட்ரோகார்ட்டிசோன் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றவர் மேக்ஸ் போவ்வார். 1936இல் கரீபியன் நாடான ஹைதியில் பிறந்தவர். 1958இல் நியூயார்க்கில் வேதியியல் பட்டம், பிறகு பாரிஸ் சோர்போனில் உயிர்வேதியியல். 1973இல் ஊர் திரும்பி நாட்டு மூலிகைகளை ஆராயத் தொடங்கினார். அதே ஆண்டு, சாகும் தறுவாயில் இருந்த தாத்தா, வோடூ பூசாரியான அவர், தன் வாரிசாக இவரைக் காட்டினார். அறிவியலை உதறிவிட்டுப் போனார் என்று சிலர் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. ஹைதியின் மரியானி என்ற ஊரில் 1974இல் அவர் எழுப்பிய கோயில் ஊர் மருத்துவமனையாகவும் இயங்கியது.

வோடூ நமக்கு அவ்வளவு தூரமும் இல்லை. நம் புதுச்சேரிக் கரையில் நெய்த துணிகளை ஆப்பிரிக்காவில் கொடுத்து பிரெஞ்சு வணிகர்கள் அடிமைகளை வாங்கினார்கள். அந்த அடிமைகளில் பலர் ஹைதியில் இறக்கப்பட்டார்கள். அவர்கள் காத்து வந்த வழிபாடு அது. கோயில் கூடத்தின் நடுவே ஒரு தூண். தெய்வத்தை அழைக்குமுன் அதனருகே சோள மாவால் வேவே, அதாவது அந்தத் தெய்வத்தின் சின்னம், வரைவார்கள். நம் வாசல் கோலம் போலவே விரலிடுக்கில் மாவு வழியவிட்டு. எர்ஸுலி என்ற தெய்வத்துக்கு இதயம், லெக்பா என்ற தெய்வத்துக்கு நாற்சந்தி. லெக்பா வழி திறந்தால்தான் மற்றவர்கள் வருவார்கள், ஆகவே முதல் பாட்டு அவருக்கே. ஆடுபவர்களின் காலில் வேவே கலைந்துபோகும்.

1986இல் ஹைதியில் சர்வாதிகாரி துவாலியேயின் ஆட்சி விழுந்ததும், அதற்குத் துணைநின்றவர்கள் என்று பழிசுமத்தி, கும்பல்கள் வோடூ பூசாரிகளைக் கொன்றன. போவ்வார் பின்னாளில் வாஷிங்டனுக்குப் போய் அங்கும் கோயில் வைத்தார். ஊர் திரும்பியவரை 2008இல் ‘அதி’, அதாவது தலைமைப் பூசாரி ஆக்கினார்கள்.

2010இல் ஹைதியில் காலரா பரவியபோது, பூசாரிகள்தான் நோயை ஏவினார்கள் என்று வதந்தி கிளம்பியது. குறைந்தது 45 பேர் அடித்துக் கொல்லப்பட்டதாக அரசே சொன்னது. தடுக்கும்படி அதிகாரிகளிடம் மன்றாடினார் போவ்வார். நோய் வந்த வழியோ ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவுநீர். அதில் தன் பங்கை ஐ.நா. ஒப்புக்கொண்டது 2016இல், போவ்வார் 2015 செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார்.