முதல் நாள் கையெழுத்து

கல்லூரியில் செமஸ்டரின் முதல் நாள் வகுப்பில் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னால், பிள்ளைகள் உடனே தேடுவது பேனாவைத்தான். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பவர்கள் அபூர்வம். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கல்லூரியில் சேரும்போதே கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். ராகிங் தடுப்பு உறுதிமொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2009 விதிமுறைகளின்படி மாணவரும் பெற்றோரும் ஆண்டுதோறும் அதைக் கொடுக்க வேண்டும். உயிர்கள் போன பிறகு வந்த விதி அது. அதுவே பஸ் படிவத்தோடும் ஹாஸ்டல் படிவத்தோடும் சேர்ந்து ஒரே மூச்சில் கையெழுத்தாகிவிடுகிறது.

நான் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் என்ற கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன். செமஸ்டர் தொடக்கத்தில் நானும் அப்படி ஒரு தாள் கொடுக்கிறேன். வருகைப்பதிவு, அசைன்மென்ட், லேப் ரெக்கார்டு, கல்லூரியில் நாங்களே போடும் இன்டர்னல் மார்க்கின் முறை எல்லாம் அதில் இருக்கும். பல ஆசிரியர்களுக்கு அந்தத் தாள் கோர்ஸ் ஃபைலில் இருந்தால் போதும். படிப்புக்குத் தரச்சான்று கொடுக்கும் என்பிஏ குழு வரும்போது காட்டலாம். எனக்கு அது தேவைப்பட்டதற்குக் காரணம் வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறையில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் நூற்றுக்கு 20 மதிப்பெண்தான். 2021 விதிமுறையில் அது 40 ஆனது, லேபுக்கு 60. அதாவது, லேபில் பாதிக்கு மேல் எங்கள் கையில். அதற்கப்புறம் செமஸ்டர் கடைசியில் 'இதை நீங்க சொல்லவே இல்லையே மேடம்' என்று வந்து நிற்பவர்களும் அதிகமானார்கள்.

தொடக்கத்திலேயே கையெழுத்து வாங்கினால் ஆட்கள் நேர்மையாக நடப்பார்கள் என்று 2012இல் ஒரு அமெரிக்க ஆய்வு வந்து ரொம்பப் பிரபலமானது. படிவத்தின் அடியில் போடும் கையெழுத்தை மேலே மாற்றினாலே பொய் குறையும் என்றது. 2020இல் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தபோது அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஆண்டு, அந்த 2012 ஆய்வில் ஒரு பகுதித் தரவே இட்டுக்கட்டியது என்று தெரிந்து, அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நேர்மை பற்றிய ஆய்வுக்கு இந்தக் கதி! ஆனால் வகுப்பில் நிற்கிற எவருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது. முதல் நாள் கையெழுத்துப் போட்ட கைதான் ரெக்கார்டையும் பார்த்து எழுதுகிறது.

அதனால் நான் கையெழுத்தைக் கடைசியில் வைத்தேன், அதுவும் இரண்டாவது வகுப்பில். முதல் வகுப்பில் தாளை வாசிப்பதோடு சரி. தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள் பாதிப்பேர் இருக்கும் வகுப்பில் ஆங்கிலத் தாளை மட்டும் நீட்டிவிட்டு 'புரிந்ததா?' என்று கேட்டால், எல்லோரும் தலையாட்டத்தான் செய்வார்கள். அதனால் அதையே தமிழிலும் அடித்துக் கொடுக்கிறேன். அப்புறம் கேள்வி கேட்கச் சொல்வேன். முதலில் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். ஒருமுறை பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேடம், பத்து நிமிஷம் லேட்டானா ஆப்சென்ட்னு போட்டிருக்கீங்க. காலேஜ் பஸ்ஸே லேட்டா வந்தா அது எங்க தப்பா?" என்றாள். வகுப்பே சிரித்தது. நியாயமான கேள்வி. அங்கேயே பேனாவால் அந்த வரியைத் திருத்தினேன். அவர்களும் தங்கள் தாள்களில் திருத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கேள்விகள் நிற்கவேயில்லை. நண்பனின் புரோகிராமைப் பார்த்துப் புரிந்துகொண்டு எழுதினால் காப்பியா? ஏஐயிடம் கேட்டு எர்ரரைச் சரிசெய்யலாமா? இரண்டாவதற்கு அவர்களையே விதி எழுதச் சொன்னேன். 'எதை வைத்து எழுதினாலும் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வரிக்கு வரி விளக்க வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் யோசித்து வைத்திருந்ததைவிடக் கறார்!

தாளின் மறுபக்கம் என்னுடையது. டெஸ்ட் பேப்பரை ஒரு வாரத்தில் திருத்திக் கொடுப்பேன், இரண்டு நாள் முன்னால் சொல்லாமல் டெஸ்ட் வைக்கமாட்டேன் என்றெல்லாம் எழுதி, கீழே நானும் கையெழுத்துப் போடுவேன். துறையிலிருந்து திடீரென்று மறுநாளே ஒரு டெஸ்ட் வைக்கச் சொன்னபோது, வகுப்புப் பிரதிநிதி தம்பி மொபைலில் எடுத்து வைத்திருந்த போட்டோவோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்துவிட்டான். "மேடம், பின்பக்கம், மூணாவது லைன்." அதையே காட்டித்தான் துறைத் தலைவரான எச்ஓடியிடம் பேசி டெஸ்டைத் தள்ளி வைத்தேன். சக ஆசிரியர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கிறேனாம். அந்த ஆசிரியர்களுக்கு இந்தத் தாள், 'கையெழுத்துப் போட்டிருக்கிறாய் அல்லவா?' என்று கேட்டு வாயை அடைக்க மட்டும்தான்.

அப்படி அடைக்கக் கூடாத வாய்களும் இருக்கின்றன. எங்கள் பையன்களில் பலர் முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறவர்கள். ராத்திரி ரிசப்ஷன், விடிந்தால் காலை டிபன் பந்தி. ஆவணியில் முகூர்த்தம் நெருக்கமாக வந்தால் வகுப்பு காலியாகும். தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும். 65க்கு மேல் இருந்தால் உடல்நிலை, விளையாட்டு போன்ற காரணங்களுக்குச் சலுகை உண்டு. பந்தியில் இலை போட்டதற்கு மெடிக்கல் சர்டிபிகேட் கிடைக்காது. 'தெரிந்துதானே கையெழுத்துப் போட்டாய்?' என்று அந்தப் பையனிடம் கேட்க எனக்கு மனம் வராது. அவனுக்கு விதி தெரியாமல் இல்லை; ஃபீஸ் கட்டக் காசுதான் இல்லை.

இப்போது தாளில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: தொடர்ந்து வர முடியாத சூழ்நிலை இருந்தால் முதல் மாதத்துக்குள் வந்து சொல்லுங்கள். இந்த செமஸ்டரில் அதைப் படித்துவிட்டு ஒருவன் வந்தான். மற்ற நாட்களைவிடத் திங்கட்கிழமைதான் அவனுக்குச் சிக்கல். லேப் பேட்சை வியாழனுக்கு மாற்றிக் கொடுத்தோம். தியரி வகுப்புக்கு என்ன செய்வது என்று அவனுடைய வகுப்புக்குப் பொறுப்பான டியூட்டரும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.