மச்சில் பழைய படப்பெட்டி கிடந்தால்

அகஸ்தீஸ்வரத்துக்காரர் ஜே.சி. டேனியல் எடுத்த மௌனப்படம் இன்று இல்லை. 1938-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த முதல் மலையாளப் பேசும்படம் ‘பாலன்’; அதன் பிரதியும் இல்லை. ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் திரைக்கு வந்த காலமும் அதுதான். அன்று நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்தது. தமிழ், மலையாளம் இரண்டுமே நம் படங்கள். ஆகவே நாகர்கோவில், தக்கலைப் பக்கம் பழைய ஓட்டுவீட்டைப் பிரிக்கும்போது மச்சில் படச்சுருள் வைத்த தகரப்பெட்டி அகப்பட்டால், தயவுசெய்து இரும்புக்கடைக்குப் போடாதீர்கள்.

முதலில் ஜன்னல்களைத் திறந்துவிட்டு மூடியை மெதுவாகத் திறங்கள். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தால் சுத்தியலால் தட்டக்கூடாது. புளித்த காடி வாசனை வந்தால் அது அசிடேட், எளிதில் தீப்பிடிக்காத பிற்காலத்துச் சுருள். லேசான சூடம் வாசனை என்றால் சட்டென்று தீப்பற்றும் பழைய வகைச் சுருளான நைட்ரேட்டாக இருக்கலாம், ஏனென்றால் அதன் தயாரிப்பில் சூடம் உண்டு. மூக்கைக் குத்தும் நெடி அடித்தால் நைட்ரேட் கெட்டுக்கொண்டிருக்கிறது. முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். துண்டு வெட்டி நெருப்பில் காட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலையே வேண்டாம். நைட்ரேட் எரியத் தேவையான ஆக்ஸிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது, பற்றிக்கொண்டால் தண்ணீரில் முக்கினாலும் அணையாது.

சுருளின் வெளிநுனியை மட்டும் ஒரு சாண் தூக்கி வெளிச்சத்தில் ஓரத்தைப் பாருங்கள். கோடாக் என்ற எழுத்தருகே சின்னக் குறிகள் இருக்கும்: ஒரு வட்டம் 1936, ஒரு சதுரம் 1937, ஒரு முக்கோணம் 1938, இரண்டு வட்டம் 1939. இது சுருள் தயாரான ஆண்டு. படம் வெளியான ஆண்டு அல்ல. இருபது ஆண்டுக்கு ஒருமுறை இதே குறிகள் திரும்ப வரும், அதனால் ஒரு வட்டம் 1956 ஆகவும் இருக்கலாம். பிரதி எடுக்கும்போது நெகட்டிவின் ஓர எழுத்தும் சேர்ந்து பதிந்துவிடுவதுண்டு. எனவே தீப்பிடிக்காத சுருள் என்று காட்டும் ‘சேஃப்டி’ என்ற எழுத்து தெரிந்தாலும் அதை மட்டும் நம்பி அசட்டையாக இருக்கக்கூடாது.

படத்துக்கும் துளை வரிசைக்கும் நடுவில் ஓடுவது ஒலித்தடம். ரம்பப்பல் போல வளைந்து நெளிந்தோ, ஏணிப்படி போல நெருக்கமான கோடுகளாகவோ இருக்கும். அது இருந்தால் பேசும்படம்.

சுருளின் குறுக்களவு 25 சென்டிமீட்டர் இருந்தால் ஏறக்குறைய 1,000 அடி. நிமிடத்துக்கு 90 அடி ஓடும் கணக்கில் அது 11 நிமிடப் படம். 18,000 அடிப் படமென்றால் 3 மணி 20 நிமிடம், இப்படிப் பதினெட்டுச் சுருள். ஒன்றே ஒன்றுதான் கிடைத்தாலும் அந்தப் பதினோரு நிமிடம் வேறெங்கும் இல்லாததாக இருக்கலாம்.

நம் ஊரில் இரண்டு பருவமழையும் உண்டு, கடற்காற்றும் உண்டு. கெடும் நைட்ரேட்டிலிருந்து வரும் வாயு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, படத்தின் வெள்ளியையும் ஜெலட்டினையும் தின்னும், தகரத்தையும் அரிக்கும். முதலில் படம் பழுப்பேறி மங்கும், பிறகு பிசுபிசுக்கும், தேன் மாதிரி கசியும், கட்டியாக ஒட்டும், கடைசியில் பழுப்புத் தூளாகும். பிசுபிசுப்பு தெரிந்த சுருளை விரிக்கவோ சுற்றவோ முயலாதீர்கள், உரிந்து வந்துவிடும். மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள்.

பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு; வாயு வெளியேற வழியில்லாமல் இன்னும் வேகமாகக் கெடும். மூடியை இறுக்காமல், வெயில் படாத, காற்றோட்டமான கீழ்த்தளத்து அறையில் வையுங்கள். அடுப்பு, விளக்கு, மின்பலகை பக்கத்தில் கூடாது. தகரக்கூரைக்குக் கீழே அறவே கூடாது: கெட்டுப்போன நைட்ரேட் 40 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே, பல நாள் அப்படிக் கிடந்தால், தானாகத் தீப்பிடிக்கும்.

பேருந்திலோ ரயிலிலோ எடுத்துச் செல்லவும் தபாலில் அனுப்பவும் கூடாத பொருள் இது. பெட்டி, ஓர எழுத்து, வெளிநுனியின் நாலைந்து கட்டம், இவற்றைப் ஃபிளாஷ் இல்லாமல் படமெடுத்து, 1964 முதல் இயங்கும் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். அவர்கள் சொல்லும்வரை சுருளை இடம் மாற்ற வேண்டாம்.