பாட்டு 38 ஜிபி, அட்டைப்படம் 30 ஜிபி

வருஷத்துக்கு ஒரு தடவைகூடக் கேட்காத பாட்டை அழிக்கச் சொல்லிப் பாருங்கள். சொத்தை எழுதிக் கேட்ட மாதிரி முறைப்பார்கள். சரி, எதையும் அழிக்க வேண்டாம். எல்லாவற்றையும் போனின் 64 ஜிபி கார்டில் அடைக்க முடியுமா என்று கணக்கு மட்டும் போடுவோம்.

நாலு நிமிஷப் பாட்டு ஃப்ளாக்கில் (தரம் குறையாமல் சேமிக்கும் வடிவம்) சுமார் 30 எம்பி. 10,000 பாட்டுக்கு 300 ஜிபி. அது ஹார்டு டிஸ்க்கிலேயே இருக்கட்டும், அதுதான் மூலப்பிரதி. (இன்னொரு டிஸ்க்கில் நகல் கட்டாயம்.) அதை 128 கேபிபிஎஸ் ஓபஸாக (சின்னதாகச் சுருக்கும் வடிவம்) மாற்றினால் பாட்டுக்கு 3.8 எம்பி, மொத்தம் 38 ஜிபி. 64 ஜிபி கார்டுக்குத் தாராளம். பழைய 128 எம்பி3யை 320 ஆக்கி "குவாலிட்டி ஏத்திட்டேன்" என்பவர்களை ஒன்றும் செய்ய முடியாது. ஏறுவது சைஸ்தான்.

ஆனால் காப்பி போட்டால் கடைசி ஐந்நூறு, அறுநூறு பாட்டு வெளியே நிற்கும். காரணம் அட்டைப்படம். 3000 பிக்சல் படம் ஒன்று 3 எம்பி வரும். ஆல்பத்துக்கு ஒன்று என்றில்லாமல் ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் அது உட்கார்ந்திருக்கும். கட்டைவிரல் அகலத்தில் தெரியப்போகிற படத்துக்கு 30 ஜிபி! போன் நகலில் மட்டும் 500 பிக்சலாகக் குறைத்தால் மொத்தமே 1 ஜிபிக்குள் அடங்கும்.

அடுத்த கூத்து ஆர்சிங்க், அதாவது மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்கும் நிரல். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த கார்டு, கோப்பைச் சேமித்த நேரத்தை இரண்டு விநாடிக் கணக்கில்தான் குறிக்கும். அதனால் ஒற்றைப்படை விநாடியில் சேமித்த பாட்டெல்லாம் ஒவ்வொரு முறையும் "புதுசு" என்று மறுபடி ஏறும். ஆர்சிங்கில் மாடிஃபை-விண்டோ (எத்தனை விநாடி வித்தியாசத்தைக் கண்டுகொள்ளக் கூடாது என்பது) மதிப்பை 1 ஆக்கினால் அடங்கும்.

தமிழில் பெயர் வைத்தவர்களுக்குத் தனிக் கவனிப்பு உண்டு. "கொ"வின் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகவும் எழுதலாம். பழைய மேக்கின் கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் இரண்டாகப் பிரித்துவிடும். கண்ணுக்கு ஒரே பெயர், கணினிக்கு இரண்டு. ஆகவே கொ, கோ, கௌ போன்ற எழுத்து வரும் பாட்டெல்லாம் இரட்டைப் பிறவி எடுக்கும். அப்படி எழுத்து ஒன்றுகூட இல்லாத பாட்டு பிழைத்துக்கொள்ளும். மேக்கிலிருந்து வேறு டிஸ்க்குக்கு வந்த பெயர்களை, கான்வ்எம்வி என்ற பெயர் மாற்றும் கருவியில் என்எஃப்சி (சேர்த்து ஒரே குறியீடாக எழுதும் முறை) என்று கொடுத்து ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பிறகு சிங்க் செய்யுங்கள்.

பல்லவி முழுவதையும் பெயராக வைக்கும் ஆட்கள் லினக்ஸில் மாட்டுவார்கள். அதன் கோப்பு முறையான எக்ஸ்ட்4-இல் ஒரு பெயருக்கு 255 பைட்தான். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், புள்ளிக்கும் தனியாக 3. ஆக அதிகபட்சம் 85 குறியீடுதான். முதல் மூன்று சொல் போதும். பாடகர், இசை, ஆண்டு எல்லாம் டேகுக்குள் (கோப்புக்குள்ளேயே இருக்கும் விவரக் குறிப்பு) போகட்டும்.