பாதிக் குளியல்

நீர்ப்பறவைகளைப் படம் எடுப்பதுதான் என் தொழில். மீனைக் கவ்வுகிற படம், குஞ்சுக்கு ஊட்டுகிற படம், சண்டை போடுகிற படம், இவற்றைத்தான் அதிகம் கேட்பார்கள். குளியல் படத்தை யாரும் தேடி வந்து கேட்டதில்லை. ஆனால் நான் அதிக நேரம் காத்துக் கிடந்தது குளியலுக்காகத்தான்.

ஒரு புள்ளிமூக்கு வாத்து குளிப்பதை முழுதாகப் பாருங்கள். முதலில் அலகையும் தலையையும் தண்ணீருக்குள் விட்டுச் சட்டென்று நிமிரும். அள்ளிய தண்ணீர் கழுத்து வழியே வழிந்து முதுகில் ஓடும். நாலைந்து முறை இப்படி. பிறகு இறகுகளைச் சிலிர்த்து, பாதி விரித்த சிறகுகளால் நீரை அடிக்கும். வேகம் பிடித்துவிட்டால் பக்கவாட்டில் புரளும், சில சமயம் குட்டிக்கரணமே போடும். ஒன்று ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்துகொள்ளும். கொஞ்ச நேரத்துக்கு அந்த இடம் முழுக்கத் தண்ணீர்த் தூறல்தான். கடைசியில் வாலை இப்படியும் அப்படியும் உதறும், நீரிலிருந்து நெஞ்சு வரை எழும்பி நின்று சிறகுகளைப் பலமாக அடிக்கும். அதோடு குளியல் முடிந்தது.

அந்தக் கடைசிச் சிறகடிப்பைத்தான் நான் ஆரம்பத்தில் வரிசையாகக் கோட்டை விட்டேன். தண்ணீர் தெறித்த உடனே ஷட்டரை அழுத்திக்கொண்டே இருப்பேன். பறவை எழும்பும்போது கேமராவின் பஃபர், அதாவது எடுத்த படங்களைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் நினைவகம், நிரம்பி நின்றுபோகும். பஃபர் நிற்காத நாளில் சிறகு ஃப்ரேமுக்கு வெளியே போய்விடும், அவ்வளவு நெருக்கிக் கட்டியிருப்பேன். இப்போது வால் உதறலை அடையாளமாக வைத்திருக்கிறேன். அதுவரை அளவாக எடுத்து, தலைக்கு மேலே ஓர் உடலளவு இடம் விட்டுவிடுகிறேன். துளிகள் உறைந்து நிற்க ஷட்டர் வேகம் 1/2000 நொடியாவது வேண்டும். ஃபோகஸ் அடிக்கடி முன்னால் தெறிக்கும் துளிகளைப் பிடித்துக்கொண்டு கண்ணை விட்டுவிடும் என்பதால், வெளிச்சம் இடம் கொடுத்தால் லென்ஸின் துளையை எஃப்/8 வரை சுருக்கிக் கூர்மையாகத் தெரியும் ஆழத்தைக் கூட்டிக்கொள்கிறேன். வெயில் பறவைக்குப் பின்னாலிருந்து வந்து, அதற்கும் பின்னால் நிழல் விழுந்த கரை இருந்தால் ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரியும்.

ஒருமுறை படம் வாங்குபவர்களிடமிருந்து ஒரு படம் திரும்பி வந்தது. பறவையின் கண் மங்கலாக இருக்கிறது, ஃபோகஸ் சரியில்லை என்று காரணம் சொன்னார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். இமையோர இறகுகள் ஒவ்வொன்றும் கூர்மையாக இருந்தன. கண்ணை மட்டும் பால் படர்ந்த மாதிரி ஒரு சவ்வு மூடியிருந்தது. பறவைகளுக்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு, தலையை நீருக்குள் விடும்போது அது பக்கவாட்டில் வந்து கண்ணைக் காக்கும். தலை வெளியே வந்த மறுகணத்திலும் அது மூடியே இருக்கலாம். ஃபோகஸில் தவறே இல்லாத படத்தைக்கூட இதற்காக ஒதுக்க வேண்டியிருக்கிறது. எனக்கு மட்டும் அந்தப் படத்தை இன்றும் பிடிக்கும்.

குளியலை அழுக்குப் போக்குவது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். இறகை உருப்பெருக்கியில் பார்த்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. நடுத்தண்டிலிருந்து இழைகள் பிரிகின்றன, அவற்றிலிருந்து இன்னும் நுண்ணிய இழைகள், அவற்றில் குட்டிக் குட்டிக் கொக்கிகள். இந்தக் கொக்கிகள் பக்கத்து நுண்ணிழைகளைப் பிடித்திருப்பதால்தான் இறகு ஒரே தகடாக நிற்கிறது. நீர் உள்ளே புகாமல் இருப்பதும் பறக்க முடிவதும் அதனால்தான். குளியலில் இறகுகளைத் தளர்த்தி அலசிவிட்டு, அலகால் ஒவ்வொன்றாக உருவிக் கொக்கிகளை மறுபடி மாட்டுகின்றன. வால் தொடங்கும் இடத்தில் மேல்பக்கம் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியில் அலகைத் தேய்த்து எண்ணெய் எடுத்து உடல் முழுக்கப் பூசுகின்றன. அதனால் என் கணக்கில் சிறகடிப்புக்குப் பிறகுதான் வேலையின் பாதியே தொடங்குகிறது. பலர் அந்த நேரத்தில்தான் கேமராவை மூடிவிட்டுக் கிளம்புகிறார்கள், எனக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

எல்லாப் பறவையும் ஒரே மாதிரி குளிப்பதில்லை. ஆலா என்கிற நீர்ப்பறவை பறந்தபடியே நீரில் விழுந்து விழுந்து எழும், காற்றிலேயே உடலை உதறிக்கொள்ளும். மீன்கொத்தி கிளையிலிருந்து திரும்பத் திரும்பப் பாய்ந்து வெறும் அலகோடு திரும்பும், மீன் தப்பிவிட்டது என்று நாம்தான் தவறாக நினைப்போம். பாம்புத்தாராவின் இறகுகள் மற்ற பல நீர்ப்பறவைகளைப் போலில்லாமல் நன்றாக நனைந்துவிடும். அது சிறகை விரித்து வெயிலில் நிற்பதைத்தான் நாம் அதிகம் படம் எடுக்கிறோம்.

இனி அந்த ஒரு காலைப் பொழுதைச் சொல்ல வேண்டும். கரையோரம் கோரைக்குள் படுத்திருந்தேன், லென்ஸ் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே. இருபது மீட்டர் தள்ளி ஒரு புள்ளிமூக்கு வாத்து குளிக்கத் தொடங்கியது. ஒரே ஒரு கோரைத்தாள் அதன் முகத்துக்குக் குறுக்கே நின்றது. லென்ஸோடு சேர்த்து உடம்பை இரண்டடி இடப்பக்கம் நகர்த்தினேன், அவ்வளவுதான்.

வாத்து நின்றுவிட்டது. கழுத்து குச்சி மாதிரி நிமிர்ந்தது. முதுகு இறகுகள் கற்றை கற்றையாக ஒட்டிக் கிடந்தன. அலகின் மஞ்சள் நுனியில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. நீரிலிருந்து நேராக மேலே கிளம்பக்கூடிய பறவை அது. அன்றைக்குத் தண்ணீரை உரசியபடி கனமாகத் தடுமாறிப் போய், தூரத்தில் திறந்த வெளியில் இறங்கியது. மேலே ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிடம் பார்த்திருந்தேன், வாத்து குளியலைத் தொடரவே இல்லை. ஈரத்தோடு கழுத்தை நீட்டியபடியே மிதந்தது.

நிமிர்ந்த கழுத்தும் அகன்ற கண்ணும் தொங்கும் துளியுமாக அந்தப் படம் மிக நன்றாக வந்திருந்தது. அதை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அது குளியல் படமே இல்லை, நான் பயமுறுத்திய பறவையின் படம்.

அப்புறம் வேலை செய்யும் முறையை மாற்றிக்கொண்டேன். வெளிச்சம் வரும் முன்பே போய் இடம் பிடித்துவிடுகிறேன். பறவை நீரைத் தொட்ட பிறகு கோரை குறுக்கே நின்றாலும் நகர்வதில்லை. வாத்துகள் பறக்கும் இறகுகளை ஒரேயடியாக உதிர்த்துவிட்டுச் சில வாரங்கள் பறக்கவே முடியாமல் இருக்கும் காலத்தில் அந்தப் பக்கமே போவதில்லை.

போன பருவத்தில் ஒரு மாலை, அதே மாதிரிக் கோரைக்குள். இன்னொரு புள்ளிமூக்கு வாத்து. தலை முக்கல், புரளல், வால் உதறல், சிறகடிப்பு எல்லாம் முறையாக முடிந்தது. கரையேறி முக்கால் மணி நேரம் இறகு கோதியது. முதலில் நெஞ்சு, பிறகு தோள், பிறகு ஒவ்வொரு சிறகையும் விரித்து வரிசையாக. நூறு படத்துக்கு மேல் எடுத்திருப்பேன். கடைசியில் ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகிறகுக்குள் செருகிக்கொண்டு கண்ணை மூடியது. அசைந்தால் எழுந்துவிடும். ஷட்டரிலிருந்து விரலை எடுத்துவிட்டு, இருட்டும் வரை நானும் அப்படியே படுத்திருந்தேன்.